ஒரே தண்டு: ஓரிடத்தில் 60, இன்னோரிடத்தில் 698, எங்களிடம் 57

கேள்வி, மார்ச் 3, மாலை 6:10

கடினப்படுத்திய எஃகுத் தண்டு ஒன்று. விட்டம் 6 மி.மீ., நீளம் 80 மி.மீ. ஒரு பரிசோதனைக் கூடத்திலிருந்து 60 என்று ரிப்போர்ட் வந்தது. இன்னொரு கூடம் 698 என்கிறது. எங்கள் ராக்வெல் மெஷினில் நாங்களே வைத்துப் பார்த்தால் 57. கடினம் என்பது உலோகத்தின் குணம்தானே? எடை மாதிரி, நீளம் மாதிரி ஒரே எண் வர வேண்டாமா? மூன்றில் இரண்டு மெஷின் பொய் சொல்கிறது என்பது என் முடிவு. எது எது என்று யாராவது சொல்லுங்கள்.

மார்ச் 3, இரவு 10:20

ரிப்போர்ட்டை எடுத்து எண்ணுக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 60-க்குப் பின்னால் எச்.ஆர்.சி. என்று இருக்கும், அது ராக்வெல் சி அளவு. 698-க்குப் பின்னால் எச்.வி., அதாவது விக்கர்ஸ் என்று இருக்கும், அதற்கும் பின்னால் 10 என்றோ 30 என்றோ ஒரு சின்ன எண் ஒட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் வாலை வெட்டிவிட்டுத் தலையை மட்டும் இங்கே கொண்டுவந்திருக்கிறீர்கள்.

ராக்வெல் சி அளவில் 60 என்பதும் விக்கர்ஸில் 697 என்பதும் மாற்று அட்டவணையில் ஒரே வரியில் நிற்பவை. அந்த இரண்டு கூடமும் சொன்னது ஒரே பதில். தனியாக நிற்பது உங்கள் 57தான்.

என் ஊகம்: தண்டின் மேல்தோலில் கார்பன் போயிருக்கிறது. சூட்டடுப்பில் காற்று புகுந்தால் எஃகின் மேற்பரப்பிலிருந்து கார்பன் எரிந்து போகும், தோல் மெத்தென்று ஆகிவிடும். கூடத்துக்காரர்கள் வெட்டி உள்ளே பார்த்திருப்பார்கள், நீங்கள் வெளியே பார்த்திருக்கிறீர்கள். பந்தயம் கட்டுகிறேன்.

மார்ச் 3, இரவு 11:05

"அப்படியானால் கடினம் என்பதுதான் என்ன" என்று கேட்டிருக்கிறீர்கள். தூக்கம் வருகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். தெரிந்த வடிவமுள்ள, உலோகத்தைவிடக் கெட்டியான ஒரு முனை. தெரிந்த விசை. அழுத்து, கொஞ்சம் நிறுத்து, எடு. எவ்வளவு ஆழம் இறங்கியது என்று அள. அவ்வளவுதான். எல்லா முறையும் இதே கதை, முனைதான் வேறு.

மார்ச் 4, காலை 7:30

நேற்று ராத்திரி எழுதியதில் பாதி தப்பு. ஆழத்தை அளப்பது ராக்வெல் மட்டும். பிரினெல், விக்கர்ஸ் என்ற மற்ற இரண்டு முறைகளும் ஆழத்தைத் தொடவே தொடாது. முனையை எடுத்த பிறகு தங்கிய குழியின் வாய் எவ்வளவு அகலம் என்று மேலிருந்து அளக்கும். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தன்னால் விளங்கும். தூக்கக் கலக்கத்தில் பதில் எழுதக் கூடாது என்று வீட்டில் சொல்வார்கள், கேட்பதில்லை.

பழசிலிருந்து வருகிறேன். சுவீடனில் ஃபாகெர்ஸ்டா இரும்பாலையில் இருந்த யோஹான் ஆகஸ்ட் பிரினெல் 1900-இல் தன் முறையை வெளியிட்டார். 10 மி.மீ. குண்டு, எஃகு என்றால் 3000 கிலோ விசை, 10 முதல் 15 வினாடி. எடுத்தால் பளபளவென்று ஒரு கிண்ணம். அதன் வாய் விட்டத்தை நுண்ணோக்கியில் அளந்து, விசையைக் கிண்ணத்தின் வளைந்த பரப்பால் வகுக்க வேண்டும். வாய் சரியாக 4 மி.மீ. இருந்தால் பிரினெல் எண் 229. மனப்பாடமாகிவிட்ட ஒரே வரி அதுதான்.

இந்தக் கிண்ணத்தின் ஆழம் எவ்வளவு தெரியுமா? 0.42 மி.மீ. உங்கள் 6 மி.மீ. தண்டில் இதைப் பதித்தால் தண்டு தண்டாக இருக்காது. வார்ப்பிரும்புக்கு இது அருமை. அதற்குள்ளே கிராஃபைட் செதில் செதிலாகக் கிடக்கும். சின்ன முனை வைத்தால் ஒரு தடவை கிராஃபைட்டில் விழும், ஒரு தடவை இரும்பில் விழும். எண் குரங்கு மாதிரி தாவும். பெரிய குண்டு எல்லாவற்றையும் சேர்த்து மிதித்து ஒரு சராசரியைக் கொடுக்கும்.

மார்ச் 4, காலை 7:50

விட்டுப்போனது: குண்டை மாற்றினால் விசையையும் மாற்ற வேண்டும். விசையைக் குண்டு விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அதே எண் வர வேண்டும். 10 மி.மீ.-க்கு 3000, 5 மி.மீ.-க்கு 750, இரண்டிலும் 30 வருகிறது. அப்போதுதான் பெரிய கிண்ணமும் சின்னக் கிண்ணமும் ஒரே வடிவத்தில் இருக்கும், எண்ணும் ஒத்துப்போகும். பித்தளை, அலுமினியத்துக்கு இந்த 30-ஐக் குறைப்பார்கள், இல்லையென்றால் குண்டு பாதிக்குப் பாதி புதைந்துவிடும்.

மார்ச் 4, மதியம் 1:15

சாப்பாட்டு நேரம். ராக்வெலுக்கு வருவோம், உங்கள் வழக்கு அங்கேதான் இருக்கிறது.

பேரிங் வளையங்களைக் கடினப்படுத்தும் வேலையில் பிரினெல் உதவவில்லை. குண்டே வளையத்தின் அளவுக்குக் கெட்டி, குழியும் பெரிசு, நுண்ணோக்கியில் குனிந்து பார்க்க நேரமும் ஆகும். அமெரிக்காவில் ஹியூ ராக்வெல், ஸ்டான்லி ராக்வெல் என்ற இருவர் இதற்காக 1914-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், 1919-இல் கிடைத்தது. அவர்களுடைய மெஷினில் நேராக டயலிலேயே பதில்.

சி அளவுக்கு 120 டிகிரி வைரக் கூம்பு, நுனி 0.2 மி.மீ. ஆரத்துக்கு உருட்டியிருக்கும். முதலில் 10 கிலோ மட்டும். அந்த இடத்தை பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளும். அப்புறம் இன்னொரு 140 சேர்த்து மொத்தம் 150. சில வினாடி. பிறகு அந்த 140-ஐ மட்டும் எடுக்கும், 10 அப்படியே இருக்கும். இப்போது முனை பூஜ்யத்திலிருந்து எவ்வளவு கீழே தங்கியிருக்கிறது என்பதுதான் கணக்கு. ஒவ்வொரு 2 மைக்ரானுக்கும் 100-லிருந்து ஒன்று கழியும். மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

60 என்றால் 80 மைக்ரான். 57 என்றால் 86 மைக்ரான். உங்களுக்கும் அந்தக் கூடத்துக்கும் நடுவில் நடக்கிற சண்டை வெறும் 6 மைக்ரானுக்கு. தலைமுடி ஒன்று 70 மைக்ரான் வரும்.

அந்த முதல் 10 கிலோவை நான் பல வருஷம் சடங்கு என்றே நினைத்தேன். உண்மையில் புத்திசாலித்தனம் முழுக்க அதில்தான் இருக்கிறது. எண்ணெய்ப் படலம், கிரைண்டிங் கோடுகள், மெஷின் உடம்பின் தொளதொளப்பு எல்லாவற்றையும் அந்த 10 கிலோ முதலிலேயே அமுக்கிவிடுகிறது. பூஜ்யத்தைக் குறிப்பதும் 10 கிலோவில், கடைசியில் படிப்பதும் அதே 10 கிலோவில் என்பதால், 150-இல் மெஷின் கழுத்து கொஞ்சம் வளைந்தாலும் படிக்கும்போது திரும்பி வந்திருக்கும்.

மார்ச் 4, இரவு 9:40

ஒருவர் கேட்டிருக்கிறார்: "10 கிலோ எல்லாவற்றையும் அமுக்கிவிடும் என்றால் ஆன்வில்லை, அதாவது துண்டை வைக்கும் அடிமேடையை, துடைக்க வேண்டியதில்லையே?"

ஐயோ, துடையுங்கள். இதில் எனக்குச் சூடு பட்ட அனுபவம் உண்டு.

வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஒரு தட்டு நிறைய ஜாப், அதாவது சோதிக்க வேண்டிய துண்டுகள், வந்தது. எல்லாம் 50, 51 என்று காட்டியது, வர வேண்டியது 58-க்கு மேல். பத்துப் பன்னிரண்டு பார்த்தேன், ஒன்றுகூடத் தேறவில்லை. சிவப்புச் சீட்டு ஒட்டி மொத்தத் தட்டையும் ஹீட் ட்ரீட்மென்டுக்குத் திருப்பி அனுப்பினேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட, நான்தான் பிடித்தேன் என்று. ஹீட் ட்ரீட்மென்டில் ஒரு பெரியவர் இருந்தார். அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடமே வந்தார். சத்தம் போடவில்லை. "தம்பி, ஆன்வில்லைக் கழட்டிப் பார்த்தியா?" என்றார்.

ஆன்வில் ஸ்க்ரூவின் மேலே வந்து உட்காரும் இடத்தில், அதாவது கண்ணுக்கே தெரியாத அடிப்பக்கத்தில், மெல்லிசாக ஒரு பர், அதாவது உலோகப் பிசிறு, ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டினால் வந்துவிட்டது. 10 கிலோவில் அது நிமிர்ந்து நின்றது, 150-இல் நசுங்கியது. நசுங்கியதில் ஜாப் 16 மைக்ரான் கீழே போனது. மெஷினைப் பொறுத்தவரை அது முனை உள்ளே இறங்கிய 16 மைக்ரான். எட்டு புள்ளி காலி. சுத்தம் செய்து வைத்ததும் 59.

அன்றிலிருந்து ஆன்வில்லையோ முனையையோ கழட்டி மாட்டினால் முதல் இரண்டு அளவைக் குறித்துக்கொள்வதே இல்லை. அவை மாட்டியது உட்காருவதற்கு. மூன்றாவதிலிருந்துதான் கணக்கு.

மார்ச் 5, காலை 6:55

இதன் மறுபக்கம் ஒன்று இருக்கிறது. அதை நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்கும்.

குறைவாகக் காட்டும் மெஷினை எல்லோரும் சந்தேகப்படுவார்கள். அதிகமாகக் காட்டும் மெஷினை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வைரத்தின் நுனி சில்லு பெயர்ந்தால் நுனி மொட்டையாகிறது, மொட்டை நுனி குறைவாக இறங்குகிறது, எண் ஏறுகிறது. எல்லாம் பாஸ். தயாரிப்புக்காரர்களுக்குச் சந்தோஷம், எங்களுக்கும் சந்தோஷம். நாங்கள் ஒரு தடவை எவ்வளவு நாள் அப்படிச் சந்தோஷமாக இருந்தோம் என்று கடைசிவரை தெரியவில்லை. காலையில் டெஸ்ட் பிளாக்கை, அதாவது கடினம் ஏற்கெனவே தெரிந்த கட்டையை, வைத்துப் பார்க்கும் வழக்கத்தை யாரோ விட்டுவிட்டார்கள். யாரோ என்றால் நானும்தான்.

மார்ச் 5, மதியம் 12:50

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: தண்டைச் சுற்றிலும் 0.15 மி.மீ. கிரைண்டிங் எடுத்துவிட்டுப் பார்த்தாராம். மறுபடியும் 57. கார்பன் போன தோல் என்றால் அதை உரித்ததும் கொஞ்சமாவது ஏறியிருக்க வேண்டும்.

சரி, பந்தயத்தில் தோற்றேன். பந்தயப் பொருள் என்ன என்று சொல்லாதது என் அதிர்ஷ்டம்.

கையில் இருந்த துப்பைப் பார்க்காமல் எனக்குப் பிடித்த வியாதியைச் சொல்லிவிட்டேன். முதல் வரியிலேயே எழுதியிருக்கிறார், விட்டம் 6 மி.மீ. என்று. உருண்டை. தண்டை எந்த ஆன்வில்லில் வைத்தீர்கள்? தட்டையா, வி வடிவமா? எங்கே அழுத்தினீர்கள்? உருண்ட பக்கத்திலா?

மார்ச் 5, இரவு 8:30

தட்டை ஆன்வில்லாம். உருண்ட பக்கத்திலாம். நல்லவேளை, தண்டு உருண்டோடி வைரம் முறியாமல் தப்பித்தது.

ஏன் குறைகிறது என்று கையை வைத்துப் பார்த்தாலே புரியும். தட்டையான பலகையில் விரலை ஊன்றினால் விரலைச் சுற்றி நான்கு பக்கமும் மரம் இருக்கிறது. துடைப்பக் கட்டையின் முதுகில் ஊன்றினால் நீளவாட்டில் மரம் இருக்கிறது, பக்கவாட்டில் சரிந்து காற்றுக்குப் போய்விடுகிறது. உலோகத்திலும் அப்படித்தான். முனை தள்ளும் உலோகத்தை ஓரத்தில் பிடித்து நிறுத்த ஆள் குறைவு. முனை கொஞ்சம் கூடுதலாக இறங்கும், எண் குறையும். இதற்குத் திருத்த அட்டவணை உண்டு. விட்டம் சின்னதாகச் சின்னதாகக் கூட்ட வேண்டியது அதிகம். உலோகம் மெத்தென்று இருந்தாலும் அதிகம், முனை ஆழமாகப் போவதால். உள்வளைந்த பரப்பு என்றால் நேர்மாறு, எண் கூடும், கழிக்க வேண்டும்.

முதலில் வி ஆன்வில்லில் வையுங்கள். முனை சரியாகத் தண்டின் முதுகெலும்பில் விழ வேண்டும். சற்று விலகினாலும் சறுக்கிக்கொண்டு இறங்கும்.

மார்ச் 6, காலை 7:10

இடையில் ஒரு நண்பர் விக்கர்ஸைப் பற்றி ஏன் பேசவில்லை என்கிறார். பேசுகிறேன், எனக்கு அதுதான் பிடித்த முறை.

1920-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் விக்கர்ஸ் நிறுவனத்தில் ஸ்மித், சாண்ட்லாண்ட் என்ற இருவர் செய்தது. குண்டுக்குப் பதில் சதுர அடியுள்ள வைரப் பிரமிடு, எதிரெதிர் முகங்களுக்கு நடுவே 136 டிகிரி. ஏன் 136? பிரினெலில் குழியின் வாய் குண்டு விட்டத்தில் கால் பங்குக்கும் அரைப் பங்குக்கும் நடுவில் இருப்பது நல்லது என்பது பழக்கம். நடுவில் எடுத்தால் 0.375. அந்த அளவுக்குப் புதைந்த குண்டை, குழி விளிம்பில் இரண்டு பக்கமும் தொட்டுச் செல்லும் கோடுகள் வரைந்தால் அவை சந்திக்கும் கோணம் 136. பழைய எண்களோடு புதிய எண்களும் ஒட்டிப்போக வேண்டும் என்று வேண்டுமென்றே எடுத்த கோணம். குறைந்த கடினத்தில் பிரினெலும் விக்கர்ஸும் ஏறக்குறைய ஒரே எண்ணைச் சொல்வது இதனால்தான்.

பிரமிடின் அழகு என்னவென்றால், எவ்வளவு இறங்கினாலும் குழியின் வடிவம் ஒன்றே. பெரிசு சின்னது மட்டும்தான். அதனால் மெத்தென்ற ஈயத்திலிருந்து கெட்டியான கார்பைடு வரை ஒரே அளவுகோல் போதும். ராக்வெல் மாதிரி ஏ, பி, சி என்று அரிச்சுவடி ஓத வேண்டாம்.

நுண்ணோக்கியில் பார்க்கும்போது அது தனி உலகம். கண்ணாடி போல பாலிஷ் செய்த வெளிச்சப் பரப்பில் ஒரு கறுப்புச் சதுரம், மூலை மேலே, மூலை கீழே. நடுவில் குறுக்காகப் போகும் இரண்டு மெல்லிய கோடுகள், பிரமிடின் விளிம்புகள் விட்டுப்போன தடம். இடது கோட்டை ஒரு மூலையில் தொட வைக்க வேண்டும், வலது கோட்டை எதிர்மூலையில் தொட வைக்க வேண்டும். "தொடுவது" எங்கே என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். எங்களில் ஒருவர் எப்போதும் மூலைக்குள் ஒரு மயிரிழை நுழைந்துதான் நிறுத்துவார். அவருடைய எண்கள் எப்போதும் கொஞ்சம் கூடுதல். பெயர் தெரியாமல் ரிப்போர்ட்டைக் கொடுத்தாலும் இது அவருடையது என்று சொல்லிவிடலாம்.

மார்ச் 6, மதியம் 1:05

மேலே சொன்ன மயிரிழைக்கு ஒரு கணக்கு. உங்கள் தண்டை 10 கிலோ விசையில் அழுத்தினால், 697 என்ற கடினத்துக்கு மூலைவிட்டம் 163 மைக்ரான். அதில் 1 மைக்ரான் தவறினால் எண் 8 அல்லது 9 மாறும், கவலையில்லை. அதே தண்டை 100 கிராம் விசையில் அழுத்தினால் மூலைவிட்டம் 16 மைக்ரான்தான். அதே 1 மைக்ரான் தவறு இப்போது 80 அளவுக்குத் தள்ளிவிடும். 620 என்பார் ஒருவர், 790 என்பார் இன்னொருவர், இருவரும் சத்தியம் செய்வார்கள்.

எச்.வி.-க்குப் பின்னால் விசையைச் சொல்லும் அந்த 10 ஏன் எழுத வேண்டும் என்று இப்போது தெரிகிறதா?

இன்னும் இருக்கிறது. மிகச் சின்ன விசைகளில், கண் தவறே இல்லாவிட்டாலும் உலோகம் நிஜமாகவே அதிகக் கடினமாகத் தெரியும். சில மைக்ரான் குழிக்குள் உலோகம் சட்டென்று வளைய வேண்டியிருப்பதால் படிக அடுக்கில் பிசகுகள் நெருக்கமாகக் குவிகின்றன, அவை ஒன்றையொன்று நகரவிடாமல் தடுக்கின்றன. நிக்ஸ், காவோ என்ற இருவர் 1998-இல் இதற்கு ஒரு சமன்பாடு எழுதினார்கள். நானோ அளவில் இறங்கினால் குழியைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள். விசை ஏறி இறங்கும் வளைகோட்டிலிருந்தே கடினத்தைக் கணக்கிடுகிறார்கள், 1992-இல் ஆலிவரும் ஃபாரும் செம்மைப்படுத்திய வழி. அது என் மேஜைக்கு வந்ததில்லை, அதனால் இதோடு விடுகிறேன்.

மார்ச் 6, இரவு 10:00

வி ஆன்வில்லில் 58 வந்ததாம். ஒரு புள்ளி மீட்டாயிற்று. மூன்று தடவை பார்த்தாராம், மூன்றும் பக்கத்தில் பக்கத்தில்.

பக்கத்தில் என்றால் எவ்வளவு பக்கத்தில்? ஒரு குழி விழுந்த இடத்தைச் சுற்றி உலோகம் நசுங்கி இறுகியிருக்கும். அதன் ஓரத்தில் அடுத்த குழியைப் போட்டால் அளப்பது உங்கள் தண்டை அல்ல, நீங்கள் செய்த காயத்தை. நடுவுக்கு நடு குழி அகலத்தைப் போல் குறைந்தது மூன்று மடங்காவது தள்ளி வையுங்கள். ஓரத்திலிருந்தும் இரண்டரை மடங்கு.

மார்ச் 7, காலை 8:20

"அழுத்துவதாலேயே உலோகம் இறுகுகிறது என்றால், நாம் அளப்பது அழுத்துவதற்கு முன்பு இருந்த கடினமா, அழுத்திய பிறகு இருப்பதா?"

இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு ஒரு சபாஷ். நேற்று ராத்திரி முழுக்க இதே யோசனை.

அழுத்திய பிறகு இருப்பதுதான். விக்கர்ஸ் குழி சுற்றியுள்ள உலோகத்தைச் சராசரியாக 8 சதவீதம் போல உருமாற்றுகிறது என்று வைத்துக்கொள்வது வழக்கம். டேவிட் டேபர் 1951-இல் வெளியிட்ட நூலில் இந்தக் கணக்கு இருக்கிறது. பதப்படுத்தி மெதுவாக்கிய செம்பு சுமார் 50 எச்.வி. காட்டும். அதையே குளிர்நிலையில் தகடாக உருட்டினால் 100-ஐத் தாண்டும். மெதுவான செம்பில் குழி போடும்போது குழிக்கு அடியில் இருக்கும் செம்பு பாதி உருட்டிய செம்பாக ஆகிவிடுகிறது. கடினம் என்று நாம் சொல்லும் எண் அந்த நடுவழி நிலையினுடையது.

குழியின் விளிம்பைப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். ஏற்கெனவே இறுகிய உலோகத்தில் குழியைச் சுற்றி வரப்பு மாதிரி உலோகம் மேலே புடைக்கும். இறுகாத உலோகத்தில் விளிம்பே உள்வாங்கும், மெத்தையில் உட்கார்ந்த மாதிரி.

டேபர் காட்டிய இன்னொன்று: குழியில் விழும் அழுத்தம் அந்த உலோகத்தின் விளைவுத் தகைவைப் போல், அதாவது அது நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அழுத்தத்தைப் போல், ஏறக்குறைய மூன்று மடங்கு. ஏன் மூன்று? சும்மா ஒரு கம்பியை நசுக்கினால் அது பக்கவாட்டில் பிதுங்க இடம் இருக்கிறது. குழிக்கு அடியில் இருக்கும் உலோகத்துக்குப் போக இடமில்லை, சுற்றிலும் உலோகமே சுவராக நிற்கிறது. எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தினால் உலோகம் உருமாறாது. நாம் கொடுக்கும் அழுத்தத்தில் பெரும்பங்கு அந்தச் சமஅழுத்தமாகவே வீணாகிறது. மிச்சம்தான் உலோகத்தை நகர்த்துகிறது. இப்போது மேலே சொன்ன துடைப்பக் கட்டைக்குத் திரும்புங்கள். உருண்ட தண்டில் அந்தச் சுவரில் ஒரு பக்கம் மெலிந்திருக்கிறது. இரண்டும் ஒரே விஷயம் என்று எனக்கே இதை எழுதும்போதுதான் உறைத்தது.

மார்ச் 7, காலை 8:35

இதே உறவினால்தான் சாதாரண எஃகில் பிரினெல் எண்ணை 3.4 அல்லது 3.5-ஆல் பெருக்கினால் இழுவலிமை மெகாபாஸ்கலில் கிடைக்கிறது. 229 என்றால் 790 பக்கம். இழுத்து அறுத்துப் பார்க்க மாதிரி இல்லாதபோது கை கொடுக்கும். ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட அல்ல.

மார்ச் 7, இரவு 9:15

முதல் நாள் நான் சொன்ன ஒன்றையும் திருத்த வேண்டும். "60-உம் 697-உம் ஒரே வரி" என்று ஏதோ அங்குலமும் மில்லிமீட்டரும் போல எழுதிவிட்டேன். அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கினால் தீர்ந்தது. இங்கே அப்படி ஒரு பெருக்கல் கிடையாது. ஒரே மாதிரித் துண்டுகளை இரண்டு மெஷினிலும் வைத்துப் பார்த்து எழுதிய அட்டவணை அது. கார்பன் எஃகுக்கும் குறைந்த கலவை எஃகுக்கும் எழுதியது. ஆஸ்டெனிட்டிக் துருப்பிடிக்காத எஃகுக்கு வேறு அட்டவணை, பித்தளைக்கு வேறு, ஏனென்றால் அழுத்தும்போது ஒவ்வொன்றும் இறுகும் விதம் வேறு. உங்கள் தண்டு சாதாரணக் கடின எஃகு என்பதால் தப்பித்தோம்.

என்னிடம் ஒருவர் பித்தளை வால்வு ஒன்றின் பிரினெல் எண்ணை எஃகு அட்டவணையில் தேடி, ராக்வெல் சி-யில் மாற்றி எழுதிக் கொடுத்தார். சி அளவு 20-க்குக் கீழே பேசவே பேசாது. அவர் மைனஸில் எழுதியிருந்தார். வடிவாக, தசம புள்ளியோடு.

மார்ச் 8, காலை 7:00

"அரம் போட்டுப் பார்த்தால் போதாதா, எங்கள் தாத்தா காலத்தில் அதுதான்" என்ற பதிவுக்கு: போதும். அரம் வழுக்கினால் தண்டு கெட்டி, கடித்தால் மெத்து. ரிப்போர்ட்டில் "வழுக்கியது" என்று எழுத ஒரு கட்டம் மட்டும் இல்லை.

கையடக்க மெஷின் பற்றிக் கேட்டவருக்கு: அது பெரும்பாலும் லீப் முறை. சின்னக் குண்டைச் சுட்டு எறிந்து, போகும் வேகத்தையும் திரும்பும் வேகத்தையும் ஒப்பிடும். குழியை அளப்பதில்லை. கனமான பெரிய பாகத்துக்கு நல்லது. 6 மி.மீ. தண்டில் அடித்தால் தண்டே துள்ளும், எண்ணை நம்ப வேண்டாம்.

மார்ச் 8, மதியம் 12:40

இப்போது தண்டுக்கு வாருங்கள். 58-க்கு மேல் திருத்தம் கூட்டி 60 என்று எழுதிவிடலாம்தான். எனக்கு மனசு ஒப்பாது. ஒரு துண்டு வெட்டி முனைமுகத்தில் பாருங்கள். 12 மி.மீ. நீளம் போதும். தண்ணீர் கொட்டிக்கொண்டே வெட்டுங்கள். வெட்டுமுகத்தில் வைக்கோல் நிறமோ நீலமோ ஏறினால் சூட்டில் டெம்பர், அதாவது ஏற்றி வைத்த கடினம், இறங்கிவிட்டது, அந்த முகத்தில் எந்த மெஷினும் நிஜத்தைச் சொல்லாது. இரண்டு முகத்தையும் இணையாக, மெதுவாக, குளிரக் குளிர கிரைண்டிங் செய்யுங்கள். கீழ்முகம் சாய்ந்திருந்தால் மறுபடியும் ஆன்வில் கதைதான். மேல்முகத்தின் நடுவில் ஒன்று போதும். 6 மி.மீ. வட்டத்தில் இரண்டாவதுக்கு இடம் தேடி ஓரத்துக்குப் போகாதீர்கள். இன்னொரு அளவு வேண்டுமென்றால் இன்னொரு துண்டு.

மார்ச் 9, இரவு 8:50

பதில் வந்துவிட்டது. மூன்று துண்டு. 60, 59.5, 60.

58 வந்த தாளைக் கிழித்துப் போடாதீர்கள். பக்கத்திலேயே "உருண்ட பக்கம், வி ஆன்வில், திருத்தம் சேர்க்கவில்லை" என்று எழுதி வையுங்கள். 57 வந்த தாளில் "தட்டை ஆன்வில்" என்று எழுதுங்கள், கொஞ்சம் வெட்கமாக இருந்தாலும்.

மார்ச் 9, இரவு 9:05

மறந்தேன். மீதியுள்ள நீளத் துண்டை வீசிவிடாதீர்கள். கார்பன் போன தோலைப் பற்றி நான் கட்டிய பந்தயம் இன்னும் முழுசாகத் தீரவில்லை. நீங்கள் உரித்தது 0.15 மி.மீ., அதற்கு முன்னால் இருந்த தோல் எப்படி இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. உரிக்காத தண்டு ஒன்று மிச்சம் இருந்தால் குறுக்கே வெட்டி, பிசினில் பதித்து, பாலிஷ் போட்டு, விளிம்பிலிருந்து உள்நோக்கி 300 கிராம் விசையில் ஒரு வரிசை விக்கர்ஸ் போடச் சொல்லுங்கள். குழிகளை நேர்க்கோட்டில் வேண்டாம், ஏணிப்படி மாதிரி சாய்த்து, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு. எண்கள் வந்ததும் இங்கேயே போடுங்கள், வாலோடு.